எண்ணும் சிபாரிசும்

1912ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியன்று சென்னை போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக வந்து அமர்ந்த சீனிவாச ராமானுஜனிடம், அக்காலத்து உத்தியோக உலகம் மதிக்கத்தக்க யோக்கியதாபத்திரம் எதுவும் இருக்கவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளத்தை, கணிதம் தவிர்ந்த பாடங்களில் சிரத்தை காட்டாமல் இழந்தவர். பின்பு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பி, 1907இல் தனித் தேர்வராக எஃப்.ஏ. என்னும் கல்லூரி இடைநிலைப் பரீட்சை எழுதி, கணிதத்தில் தேறி ஏனையவற்றில் தவறியவர். இன்றைய பாஷையில் சொன்னால், மொத்த மதிப்பெண் போதாத பையன். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் இருந்ததைக் கேட்க அந்தப் பரீட்சைக்குத் தெரியவில்லை. அந்தப் பரீட்சை கேட்டதற்குப் பதில் சொல்ல அவருக்கு மனமில்லை.

1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் துறைமுக அலுவலகக் குமாஸ்தா என்பதையும், சர்வகலாசாலைப் படிப்பு தமக்கில்லை என்பதையும் அவர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். அப்படித் தொடங்குகிற விண்ணப்பத்தை நம் காலத்துப் படிவம் எதுவும் இரண்டாம் பக்கத்துக்குப் போக விட்டிராது. கடிதத்தைப் பெற்ற ஹார்டியோ, 1898இல் கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் கணிதப் பரீட்சையில் நான்காவதாக வந்தவராயிருந்தும் அந்தத் தரவரிசை முறையையே வெறுத்து, அதைக் களைய வேண்டுமென்று வாதாடியவர். 1909ஆம் ஆண்டோடு அவ்வரிசை நின்றும் போயிருந்தது. இதனிடையே வானிலைத் துறைத் தலைவரான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்த சமயத்தில் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத, முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே உரியதாயிருந்த ஆராய்ச்சி உதவித்தொகையை, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு, எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு வழங்கச் சிண்டிகேட் சம்மதித்தது. 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாஸா என்னும் கப்பல் இதே துறைமுகத்திலிருந்து அவரை ஏற்றிச் சென்றது.

மேதையின் கதையாகவே இதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம். எனக்கு இது ஒரு கல்லூரிச் சேர்க்கையின் கதையாகவும் படுகிறது. அப்படிப் படிக்கும்போது கண்ணில் நிற்பவர்கள் வேறு மனிதர்கள். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கணிதப் பித்துடையவர். பிரசிடென்சிக் கல்லூரியின் மிடில்மாஸ்ட் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தந்த கணிதப் பேராசிரியர். போர்ட் டிரஸ்டில் மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரோ, பகலில் கணக்குப் பேரேட்டைப் பார்த்துவிட்டு இரவில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் குமாஸ்தாவோடு உட்காரக்கூடியவர். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் நாராயண ஐயரின் பேச்சைக் கேட்டவர். வறுமை ராமானுஜனுக்கு மெய்யாகவே இருந்தது, பட்டினிக்கும் குறைவில்லை. ஆனால் கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில், நோட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்களும், படித்ததை இன்னாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று அறிந்தவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டில், அதே துறைமுகத்தில், கப்பலிலிருந்து மூட்டை இறக்கிய தொழிலாளியின் மகன் ஒருவன் ராயபுரத்துத் திண்ணையில் உட்கார்ந்து எண்களோடு விளையாடிக்கொண்டிருந்தால், அவன் யாரிடம் காட்டியிருப்பான்? அவனுக்காக வளையக்கூடிய விதி ஒன்று எங்கோ இருந்தது என்பதைக்கூட அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தமிழ்நாட்டு எளிய மக்களுக்கு மதிப்பெண் என்னும் வெறும் எண்ணின்மீது ஏற்பட்டுவிட்ட பக்தியை, இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் அல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது. மருத்துவக் கல்லூரிக்கு நேர்காணல் வைத்து ஆள் எடுத்த காலம் ஒன்று இங்கே இருந்தது. 1970ஆம் ஆண்டுச் சேர்க்கையில் நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண். பெரியகருப்பன் என்ற மாணவரின் பெயரால் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் அந்த ஏற்பாடு கண்டனத்துக்குள்ளாயிற்று. நேர்காணல் அறைக்குள் நுழைகிற பையனின் சட்டையையும், உச்சரிப்பையும், தகப்பனாரின் பெயரையும் பார்த்துவிட்டு இடப்படும் மதிப்பெண், பரீட்சைத் தாளில் அவன் பெற்றதைத் தலைகீழாக்கிவிடக் கூடியதாயிருந்தது. இதற்கு மாற்றாக ஊரில் வழங்கும் கதை ஒன்றுண்டு: மருத்துவக் கல்லூரிக்கு யாரைச் சேர்ப்பது என்று கேட்டபோது, விண்ணப்பத்தில் பெற்றோர் கைநாட்டு வைத்திருக்கிற பிள்ளைகளை எடுத்து வைத்தாராம் காமராஜர். கேட்டவர் மனம் நெகிழ்கிற கதை; ஆனால் அதிலும் முடிவு ஒரு மனிதரின் மேஜையில்தான் இருக்கிறது. அந்த மேஜையில் வேறொருவர் உட்கார்ந்தால் அதே கைநாட்டு விண்ணப்பத்தைக் கீழே தள்ளவும் காரணமாகலாம்.

1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200க்கு மாற்றி, நுழைவுத் தேர்வுக்கு 100 கொடுத்து, 300க்குக் கட் ஆஃப் போட்டார்கள். அந்த எண்ணைச் சொன்னாலே தெருவில் ஒருவனுடைய எதிர்காலத்தை அளந்துவிடுகிற பழக்கம் அப்போது வளர்ந்தது. நுழைவுத் தேர்வு, பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட முடிந்த நகரத்துப் பிள்ளைக்கே சாதகமாயிற்று என்ற குறை எழ, ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006இல் சட்டம் இயற்றி அதை அகற்றினார்கள். பொறியியலுக்கு இன்றும் அதே நிலை: கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. மருத்துவத்துக்கு மட்டும் நீட் வந்து, மறுபடி ஒரு நாளின் பரீட்சை அரியணை ஏறியது. 1200க்கு 1176 பெற்றும் இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பரில் நாம் இழந்த அரியலூர் அனிதாவின் பெயரோடு, பள்ளி மதிப்பெண்ணே நியாயம், நுழைவுத் தேர்வு அநியாயம் என்ற முடிவு தமிழ் மனத்தில் உறுதிப்பட்டது. நீட்டின் விளைவை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழு 2021இல் எடுத்துச் சொன்னதும் அதைத்தான்: புதிய முறையில் நகரமும், ஆங்கில வழியும், வசதியும், இரண்டாம் முறை எழுதுகிற அவகாசமும் உள்ளவர்களின் பங்கு பெருகிற்று.

இந்த முடிவோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அனிதாவைப் போன்றவர்களின் எண்ணிக்கை அதிகம். அவர்களை முன்னிட்டே கொள்கை வகுக்கப்பட வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் மருத்துவத்திலும் மறு ஆண்டில் பொறியியலிலும் அளிக்கப்பட்ட 7.5 விழுக்காடு ஒதுக்கீடு சமீப காலத்தின் மிக நல்ல காரியங்களுள் ஒன்று. ஆயினும், பெரும்பான்மைக்காக எழுதப்பட்ட நியாயத்தின் அடியில், அதற்கு நேர்மாறான ஒரு பிள்ளை பேசாமல் நின்றுகொண்டிருக்கிறான். அவனை நான் அதிகம் பார்த்தது, துறைமுகத்துக்கு வடக்கே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரப் பட்டையில்.

பள்ளி மதிப்பெண் ஓர் ஆண்டின் கணக்கு என்பார்கள். அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்று அது சொல்லாது. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள ஒரு பாடத்தின் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. அந்தப் பத்துக்குள் வருகைப் பதிவுக்கும் பங்குண்டு. விடியலுக்கு முன்பே காசிமேட்டில் ஏலம் கூவத் தொடங்கிவிடும். ஐஸ் உடைக்கவும் கூடை தூக்கவும் போய் வருகிற பையன் முதல் பீரியடில் இல்லாவிட்டால், பதிவேடு அவனைச் சோம்பேறி என்று எழுதிக்கொள்ளும். மணலியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தகப்பனுக்கு நைட் ஷிப்ட் என்றால், பகலில் அவர் தூங்குவதற்காக ஒற்றை அறை வீட்டில் விளக்கும் வாயும் அணைந்திருக்கும். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிற்று. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருட்டில் ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2024 மார்ச் மாதப் பொதுத் தேர்வுக்கு அப்போது எத்தனை வாரம் மீதமிருந்தது என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். அந்த ஆண்டு மதிப்பெண் சான்றிதழில் இதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.

இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பொதுத் தேர்வு முடிவு வெளியாவதும், விண்ணப்பக் கட்டணங்களும், கலந்தாய்வுப் பதிவும் பெரும்பாலும் இந்த 61 நாளுக்குள்ளேயே வந்து விழுகின்றன. கல்லூரி என்ற சொல் வீட்டுக்குள் நுழைகிற அதே வேளையில் வருமானம் வெளியேறிவிடுகிறது. மீன் இனப்பெருக்கத்தைக் கருதி வகுத்த நாட்காட்டியும் பிள்ளைகளின் படிப்பைக் கருதி வகுத்த நாட்காட்டியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.

திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகே, ஜெராக்ஸும் லாமினேஷனும் செய்கிற ஒரு பிரவுசிங் சென்டரில், அப்படிப்பட்ட பையன் ஒருவனைப் பார்த்தேன். தகப்பனார் விசைப்படகில் போகிறவர். மூர் மார்க்கெட் வளாகத்தில் விலை பேசி வாங்கிய, முந்தைய சொந்தக்காரன் பாதி விடையைப் பென்சிலில் எழுதிவைத்திருந்த பழைய புத்தகங்களையும், இலவச யூடியூப் பாடங்களையும் வைத்துக்கொண்டே ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வில் 98க்கு மேல் பெர்சன்டைல் வாங்கியிருந்தான். பள்ளியிலோ மொழிப்பாடங்களும் ரிக்கார்டு நோட்டும் அவனைக் கீழே இழுத்திருந்தன. மொத்தம் 75 விழுக்காட்டுக்குச் சில மதிப்பெண் குறைவு. என்.ஐ.டி.யிலும் ஐ.ஐ.டி.யிலும் சேர, நுழைவுத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும், பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு வேண்டும், அல்லது தன் வாரியத்தின் உச்சத்து ஐந்தில் ஒரு பங்கினருள் இருக்க வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது 65. மத்தியப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டவராக உள்ள மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை.

கடைக்காரர் திரையில் இருந்ததை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "எழுபத்தஞ்சு கேக்குறான் தம்பி, நமக்கு அது இல்லியே" என்றார்.

"அண்ணா, ராங்க்குதான் இருக்குதே, அதப் போட்டுப் பாருண்ணா."

பின்னால் நின்றிருந்த தாயார், மீன் கூடை சுமந்து சுமந்து ஒருபக்கம் சாய்ந்த தோளோடு, "பெரிய பரீட்சையிலேயே நல்லா எழுதிட்டான்னு சொன்னீங்க, அப்புறம் சின்ன பரீட்சை மார்க்கு எதுக்குக் கேக்குறாங்கோ?" என்று கேட்டார்.

மத்திய அரசின் குழுக்கள் பல ஆண்டு உட்கார்ந்து யோசித்தும் நேரான பதில் தராத கேள்வி அது. பள்ளியை மாணவர்கள் அலட்சியம் செய்து பயிற்சி நிலையத்திலேயே கிடப்பதைத் தடுக்கவே இந்த நிபந்தனை என்பது அதிகாரப்பூர்வமான நியாயம். பயிற்சி நிலையங்களுக்குப் பேர்போன கோட்டா நகருக்கு மகனை அனுப்பிவிட்டு, பெயருக்கு ஒரு பள்ளியில் பதிந்து வைக்கிற வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி. அந்த வீட்டுப் பிள்ளை 75ஐ எளிதாகத் தாண்டிவிடுகிறான்; அவனுக்கென்று வைத்த வேலியில் ஐஸ் உடைத்துவிட்டு வந்தவன் சிக்கிக்கொள்கிறான். இதே மெயின் தேர்வின் தரவரிசையில் 2013 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்புக்கு 40 விழுக்காடு எடை கொடுத்துப் பார்த்துவிட்டு, பின்னர் அதை எடுத்துவிட்டார்கள். 75 விழுக்காட்டு நிபந்தனையையும் கொரோனாவை முன்னிட்டு 2020 முதல் 2022 வரை தள்ளிவைத்து, 2023இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தேசம் முழுவதற்கும் ஓர் இடையூறு நேர்ந்தபோது விதி விலகிக்கொண்டது. ஒரு குப்பத்துக்கு நேர்ந்த இடையூறு அதன் காதுக்கு எட்டவில்லை.

ராயபுரத்தில், பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, ஆண்டுக்கு 250 பேரைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே விதி வேறு: பொதுப் பிரிவினர் அறிவியல் பாடங்களில் 50 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடு பெற்றிருந்தால், அதற்குமேல் பள்ளி மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. நாம் நியாயமில்லாதது என்று எதிர்க்கிற நீட் முறையில், தேரடிப் பையனைப் போன்ற ஒருவன், நீட்டை நன்றாக எழுதினால், தடையில்லாமல் உள்ளே போகலாம். நாம் விரும்பிக் கொண்டுவந்த மதிப்பெண் முறையில், இயற்பியலிலும் வேதியியலிலும் ரிக்கார்டு நோட்டு கீழே இழுத்துவிட்ட அவனால் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வாசற்படியை மிதிக்க முடியாது. இதைச் சொன்னால் நண்பர்கள் என்னை எதிர்க்கட்சிக்காரன் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். ஒரு முறை நூறு பேருக்கு இழைக்கும் அநீதியைச் சொல்லும்போது, மற்றொரு முறை பத்துப் பேருக்கு இழைப்பதைச் சொல்லாமல் விடுவது வக்கீலுக்கு அழகாயிருக்கலாம்.

அமெரிக்கக் கல்லூரிகள் இதே சிக்கலில் வேறு பக்கமாக விழுந்து எழுந்தன. கொரோனாக் காலத்தில் எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண் வேண்டாம் என்று பல கல்லூரிகள் அறிவித்தபோது ஏழைகளுக்கு வழி திறந்ததாகவே எல்லோரும் கருதினார்கள். ஆனால் 2022 மார்ச்சில் எம்.ஐ.டி. அந்தத் தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கிற்று. உயர்நிலைக் கணிதப் பாடமே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளை தன் திறமையை வேறெப்படிக் காட்டுவது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2024இல் டார்ட்மத் கல்லூரியும் அதே வழிக்கு வந்தது. வசதியற்ற மாணவர்களில் சிலர், தங்களுக்குச் சாதகமாயிருந்திருக்கக்கூடிய மதிப்பெண்ணைக் குறைவென்று எண்ணித் தாங்களே அனுப்பாமல் மறைத்துவிட்டதை அங்கே கண்டார்கள். அந்தக் கல்லூரிகளில் மதிப்பெண்ணை, அது எந்தப் பள்ளியிலிருந்து, எத்தகைய வீட்டிலிருந்து வந்தது என்பதோடு சேர்த்துப் படிக்க ஆட்கள் இருக்கிறார்கள். தரம் ஏன் சரிந்தது என்று எழுதப் படிவத்தில் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பணக்கார வீடுகள் கூலிக்கு ஆள் வைத்து எழுதி நிரப்புகின்றன என்பதும் உண்மைதான். கட்டுரையும் சிபாரிசுக் கடிதமும் விளையாட்டுக் கோப்பையும் கலந்த அந்தச் சமையலை இங்கே இறக்குமதி செய்தால், 75 மதிப்பெண் நேர்காணலின் காலம் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வரும்.

தேரடிப் பையனைப் போன்றவர்களுக்கு அறவே வழியில்லை என்று சொல்லமாட்டேன். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் தன்னுடைய நுழைவுத் தேர்வைக் கொண்டே இளங்கலைக்கு ஆள் எடுக்கிறது. கணிதத்தில் மூழ்கியவனுக்கு அதைவிட நேர்மையான வாசல் இந்த நகரத்தில் இல்லை, ஆனால் மாதவரத்துக்கு வடக்கே அதன் பெயரைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியர்கள் சிலரே. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் ஜே.இ.இ. கிடையாது; நான்கு வாரம் பாடம் நடத்திவிட்டு, நடத்தியதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். வருமானத்துக்கேற்பக் கட்டணச் சலுகையும் உண்டு. கற்பிக்காததைக் கேட்டுத் தள்ளுவதைவிட, கற்பித்துவிட்டுக் கேட்பது எவ்வளவோ மேல். ஆயினும் அந்தப் பையனுக்கு வேண்டியது விடுதி; இரவில் தனக்கென்று ஒரு விளக்கும், பேசுவதற்குத் தன்னைப்போல் நாலு பேரும். அவற்றை இணையவழிப் பாடம் தர முடியாது. வீட்டின் அதே ஒற்றை அறைக்குள்தான் அதுவும் வந்து சேர்கிறது.

என் அபிப்பிராயம் இவ்வளவுதான். எண் வேண்டும், சிபாரிசுக்கு ஆளில்லாதவனுக்கு வேறு துணை கிடையாது. ஆனால் ஓர் எண் திறந்த கதவை மற்றோர் எண் மூடக்கூடாது: நுழைவுத் தேர்வில் தரம் காட்டியவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி போதும், பன்னிரண்டாம் வகுப்பில் முன்னணியில் நின்றவனுக்கு மாநிலக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு வேண்டாம். இதற்கு மேல், ஓர் எண் மட்டும் சரிந்திருந்தால், ஏன் சரிந்தது என்று எல்லா விண்ணப்பதாரரையும் கேட்கிற ஒரு கட்டம் படிவத்தில் இருக்கட்டும். அது யாரும் பார்த்துப் போடுகிற தயவாக இல்லாமல், விண்ணப்பதாரரின் உரிமையாக இருக்கட்டும். மீன்பிடித் தடைக்காலம் அரசாணையில் இருக்கிறது. அம்மோனியா கசிந்த இரவு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கின் பதிவில் இருக்கிறது. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் வாயு நெடியில் மயங்கி விழுந்தது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. இவற்றைச் சரிபார்க்கக் கலெக்டரின் நட்பு தேவையில்லை. தேதியும் ஊர்ப் பெயரும் போதும்.

அப்படிக் கட்டம் வைத்தால் எல்லோரும் கண்ணீர்க் கதை எழுத ஆரம்பித்துவிடுவார்கள் என்று கல்வித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்னார். எழுதட்டுமே. பொய் எது மெய் எது என்று படித்துப் பிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற உத்தியோகஸ்தர்கள் நம்மிடம் இல்லையா என்ன?